பார்க்க வந்தவர்கள்

இலண்டன் மாநகரின் மணிக்கூண்டையும் அரண்மனை வாயிலையும் நாமும் கண்டோம். அவற்றைப்பற்றி எழுதியோர் பலராதலின், இங்கு அவற்றை விடுத்து, தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள ஒரு நாடக அரங்கிற்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம்.

ஷேக்ஸ்பியரின் குழுவினர் 1599-இல் அமைத்த 'குளோப்' அரங்கு இன்றில்லை. சாம் வானமேக்கர் என்னும் அமெரிக்க நடிகரின் பல்லாண்டு முயற்சியால், பழைய இடத்திற்கு அண்மையிலேயே, அதே வடிவில் ஒன்று எழுந்து 1997-இல் திறக்கப்பெற்றது. அவரோ அதைக் காணாமலே 1993-இல் காலமானார். வட்டமான மரக் கட்டடம்; மேலே நாணற்கூரை. நடுவிலுள்ள முற்றத்திற்குக் கூரையே இல்லை. முற்காலத்தில் ஒரு பென்னி கொடுத்த எளியோர் அங்குதான் நின்று நாடகம் பார்த்தனர்.

நாமும் அங்கேயே நின்றோம். மழை தூறிற்று. குடை விரிக்கலாகாது; தரையில் உட்காரவும் விடுவதில்லை. நம் முழங்கால்கள் மறுநாள் பூசை வேளையிலும் முறையிட்டுக்கொண்டே இருந்தன! ஆனால் கையெட்டும் தூரத்தில் நின்று, நம் முகத்தைப் பார்த்தே நடிகர் பேசும்போது, நாம் வெறும் பார்வையாளர் என்னும் எண்ணம் மறைந்துவிடுகிறது. மெத்தை நாற்காலியில், இருட்டில் அமர்ந்து பார்ப்போருக்கு இவ்வனுபவம் கிட்டாது.

பழைய அரங்கு 1613 ஜூன் 29 அன்று 'எட்டாம் ஹென்றி' நாடகம் நடக்கையில் எரிந்து போயிற்று. அரசன் வருகையை அறிவிக்க வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் விழுந்ததே காரணம். ஒருவருடைய கால்சட்டையில் பற்றிய தீயை பீர் ஊற்றி அணைத்தனராம்.

அந்நாடகத்தில், அரசி கத்தரீன் தம் திருமணத்தைக் காக்க மன்றத்தில் நின்று வாதாடும் காட்சி உண்டு. அவ்வழக்கு உண்மையிலேயே 1529-இல் ஆற்றின் வடகரையில், சாமிநாதர் சபைத் துறவியரின் மடத்தில் நடைபெற்றது. 1538-இல் அரசன் அம்மடத்தை மூடினான். பிற்காலத்தில் அதன் கட்டடத்திலேயே ஷேக்ஸ்பியர் குழுவினர் மற்றோர் அரங்கு நடத்தினர். அத்துறவியரின் கறுப்பு மேலாடையால் எழுந்த 'பிளாக்பிரையர்ஸ்' என்னும் பெயர் இன்றும் அப்பகுதிக்கு வழங்குகிறது. அங்கே 'பிளேஹவுஸ் யார்டு' என்றொரு சந்தும் இருக்கிறது. மடத்தின் நினைவும் நாடகத்தின் நினைவும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

ஆயினும் அந்நகர மக்கள் கூடிக் கண்ட காட்சிகள் அரங்குகளில் மட்டும் நடைபெறவில்லை. ஹைடு பூங்காவின் மூலையில், ஓயாது வண்டிகள் விரையும் சாலைச் சந்திப்பின் நடுத்திட்டில், தரையோடு பதித்த வட்டக்கல் ஒன்று உளது. டைபர்ன் தூக்குமரம் நின்ற இடம் அது. மூன்று கால்களின்மேல் மூன்று விட்டங்கள் பொருத்திய மரம். கொலைத் தண்டனையைக் காண மக்கள் திரள்திரளாய் வருவர். காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தோரும் உண்டு. நாம் அங்கு நின்ற அரைமணி நேரத்தில் அக்கல்லைக் குனிந்து பார்த்தவர் ஒருவருமிலர். அருகிலுள்ள ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடத்தில், அங்கு உயிர்நீத்த வேதசாட்சிகளின் நினைவு போற்றப்படுகிறது.

அவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு புனித எட்மண்ட் காம்பியன். பிராகு நகரில் ஆசிரியராயிருந்தபோது மாணவர் நடிப்பதற்காக இலத்தீனில் நாடகங்கள் எழுதியவர் அவர். அவற்றுள் புனித அம்புரோசியாரைப் பற்றிய நாடகம் 1578-இல் அங்கு அரங்கேறியது. மூன்றே ஆண்டுகளில், 1581 டிசம்பர் முதல் நாள், அவரை இலண்டன் கோட்டைச் சிறையிலிருந்து தெருவழியே இழுத்து வந்து டைபர்னில் தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டனர்.

கூட்டத்தில் ஹென்றி வால்போல் என்னும் சட்ட மாணவரும் நின்றார். வயது இருபத்து மூன்று இருக்கும். அவரும் பார்க்கத்தான் வந்திருந்தார். குருவின் உடலை வெட்டும்போது ஒரு துளி இரத்தம் அவருடைய ஆடையில் தெறித்தது. பின்னர் அவர் சட்டப் படிப்பை விட்டார், நாட்டை விட்டார், இயேசு சபையிற் சேர்ந்து குருவாகித் திரும்பினார். 1595-இல் யார்க் நகரில் வேறொரு கூட்டம் பார்த்து நிற்க, அவரையும் அவ்வாறே கொன்றனர்.