சோம்பலுக்கு ஒரு புகழுரை

'சோம்பலுக்கு ஒரு புகழுரை' என்பது பிரித்தானிய மெய்யியலாளர் பெர்ட்ரண்டு ரசல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை ஆகும். 1932இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வெளிவந்த இது, 1935இல் இதே தலைப்பிலான கட்டுரைத் தொகுப்பு நூலில் இடம்பெற்றது. ஓயாத உழைப்பே நல்லொழுக்கம் என்னும் நம்பிக்கையை இது மறுக்கிறது.

தலைப்பின் பொருள்

திருக்குறளின் 61ஆம் அதிகாரமான 'மடியின்மை' கண்டிக்கும் சோம்பல் வேறு, ரசல் போற்றும் சோம்பல் வேறு. செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவதை அவர் புகழவில்லை. தேவையான வேலை முடிந்தபின் மனிதருக்கு மிஞ்ச வேண்டிய ஓய்வையே அவர் அப்படி அழைக்கிறார்.

குண்டூசி எடுத்துக்காட்டு

உலகுக்குத் தேவையான குண்டூசிகளைச் சிலர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்துச் செய்கின்றனர் எனக் கொள்வோம். புதிய கண்டுபிடிப்பு ஒன்றால் அதே நேரத்தில் இரு மடங்கு ஊசிகளைச் செய்ய முடிகிறது. அறிவுள்ள உலகில் எல்லோரும் 4 மணி நேரம் வேலை செய்தால் போதும். நடப்பதோ வேறு. ஊசிகள் மிகுந்து தேங்குகின்றன. பாதிப் பேர் வேலை இழக்கின்றனர். மீதிப் பேர் பழையபடியே உழைத்துக் களைக்கின்றனர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் எழுதப்பட்டதால், அன்றைய வாசகர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றியிராது.

ஓய்வும் விளையாட்டும்

எதைச் செய்தாலும் வேறொரு பயனுக்காகவே செய்ய வேண்டும் என்ற எண்ணம், மனிதரிடம் முன்பு இருந்த விளையாட்டு மனத்தை அடக்கிவிட்டது என்கிறார் ரசல். திரைப்படம் பார்ப்பது, கால்பந்தாட்டம் பார்ப்பது, வானொலி கேட்பது என நகரத்தாரின் பொழுதுபோக்குகள் பார்ப்பதும் கேட்பதுமாகச் சுருங்கியதற்குக் காரணம், அவர்களின் ஆற்றல் முழுவதையும் வேலை உறிஞ்சிவிடுவதே. களைப்பு குறைந்தால், அவர்கள் தாமே ஆடவும் பாடவும் கற்கவும் முன்வருவர் என்பது அவர் வாதம்.

இதே தொகுப்பில் உள்ள மற்றொரு கட்டுரையில், சர்க்கரை பாதாமிப் பழம் சீனாவிலிருந்து பரவிய வரலாற்றை அறிந்தபின் அதன் சுவை தமக்குக் கூடியதாக ரசல் குறிப்பிடுகிறார். அந்த அறிவால் வருமானம் இல்லை. உண்ணும் நேரம் இனிமையாகிறது.

வரம்பு

நிலவுடைமையாளரின் சோம்பலை ரசல் ஏற்கவில்லை. அது பிறர் உழைப்பில் நிற்பது. ஆனால் சமையல், குழந்தை வளர்ப்பு போன்ற வீட்டு வேலைகளை எப்படிப் பகிர்வது என்பதைக் கட்டுரை விரிவாகப் பேசவில்லை. அவையும் பகிரப்பட்டால்தான் 4 மணி நேர வேலைநாள் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஓய்வு தரும்.