வரைபடத்தில் 300 மீட்டர் தள்ளி நின்ற கிணறுகள்

எண்ணெய் நிறுவனத்தில் வேலை செய்கிறேன் என்றதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடலுக்கு நடுவே போய் வேலை செய்யணுமா?" என்பதுதான். இல்லை, அலுவலகத்தில் கணினி முன்னால்தான் என்று சொன்னால் அவர்களுக்குச் சற்று ஏமாற்றம். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது புவித்தகவலியல். இப்போது செய்வது, எண்ணெய்க் கிணறுகளின் தரவுகளைப் பராமரித்து அவற்றை நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் காட்டும் வேலை.

நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கின் மிரி நகரில், கனடா குன்றின் மேல் தோண்டப்பட்டது. 1910 டிசம்பர் 22ஆம் தேதி அதில் எண்ணெய் கிடைத்தது. 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்று அழைக்கப்படும் அக்கிணறு 1972 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் பிறகு நிலத்திலும் கடலிலும் தோண்டப்பட்ட ஒவ்வொரு கிணறும் கட்டுக் கட்டாக ஆவணங்களை விட்டுச் சென்றுள்ளது. பழையவை தட்டச்சு செய்த தாள்கள். புதியவை கணினிக் கோப்புகள். இவை அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அந்தக் கிணற்றின் பெயர், ஆழம், நிலை, அறிக்கைகள் எல்லாம் அவர் முன் வர வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கிணறு, பல எண்கள்

முதல் சிக்கல் பெயரில் தொடங்கும். ஓர் அறிக்கையில் 'ஏ-1' என்றும், இன்னொன்றில் 'ஏ-01' என்றும், மற்றொன்றில் 'ஏ001' என்றும் இருக்கும். மனிதருக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு அவை மூன்று கிணறுகள்.

அடுத்தது ஆழம். கிணற்றைத் தோண்டும்போது ஆழத்தைத் துளையிடும் மேடையின் தளத்திலிருந்து அளப்பார்கள். கடலில் அந்தத் தளம் நீர்மட்டத்துக்கு 20, 30 மீட்டர் மேலே இருக்கலாம். மேடைக்கு மேடை அந்த உயரம் மாறும். அதைக் கழிக்காமல் இரு கிணறுகளின் ஆழத்தை ஒப்பிட்டால் விடை தவறும். மேலும், பல கிணறுகள் நேராகக் கீழே இறங்குவதில்லை. ஒரே மேடையிலிருந்து வெவ்வேறு திசைகளில் சாய்ந்து செல்கின்றன. கிணற்றின் வாய் ஓரிடத்திலும் அடி சில கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கக்கூடும்.

பாறைகளின் தன்மையை அறிய அளவுகருவிகளைக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். அவை சில அங்குலத்துக்கு ஒரு முறை ஓர் எண்ணைப் பதிவு செய்யும். அந்தக் கோப்புகளில் அடிக்கடி -999.25 என்ற எண்ணைக் காணலாம். 'இங்கே அளவு எதுவும் இல்லை' என்பது அதன் பொருள். அதை உண்மையான அளவென்று எண்ணிச் சராசரி கணக்கிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

நான் செய்த தவறு

வேலையில் சேர்ந்த முதலாண்டு. பழைய கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஓர் அட்டவணையில் இருந்தன. அவற்றை இணைய வரைபடத்தில் ஏற்றச் சொன்னார்கள். ஒரே நாளில் ஏற்றி முடித்தேன். புள்ளிகள் கடலின் மேல் அழகாக வந்து நின்றன. கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது.

மறுநாள் மூத்த நில அளவையாளர் ஒருவர் என் இருக்கைக்கு வந்தார். அலுவலகத்தில் நாங்கள் அவரை 'அண்ணன்' என்றே கூப்பிடுவோம். ஓர் எண்ணெய் மேடையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அந்த மேடையின் இடம் அண்மையில் ஜிபிஎஸ் மூலம் அளக்கப்பட்டிருந்தது. கிணறுகளின் வாய் மேடைக்குள்தான் இருக்க வேண்டும். ஆனால், என் புள்ளிகளோ 300 மீட்டருக்கும் மேல் மேற்கே, வெறும் கடலில் நின்றன.

"தம்பி, இது எந்த டேட்டம்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை.

'டேட்டம்' என்பது பூமியில் ஓர் இடத்தை அளக்க நாம் எடுத்துக்கொள்ளும் அடிப்படை. ஜிபிஎஸ் ஓர் அடிப்படையைப் பயன்படுத்துகிறது. பழைய அறிக்கைகளோ 'திம்பலாய் 1948' என்ற வேறோர் அடிப்படையில் எழுதப்பட்டவை. லாபுவானில் உள்ள திம்பலாய் குன்றைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு சபா, சரவாக்கிற்காக அமைக்கப்பட்டது அது. பூமியின் வடிவத்துக்கு அது எடுத்துக்கொண்ட அளவு, ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரில் வழங்கும் அளவு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கி, எவரெஸ்ட் தொடர்ந்த இந்திய நில அளவையிலிருந்து வந்தது அது. பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு மிரி கடல் வரை வந்திருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த வாரம் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான், கடலடியில் கால் ஊன்றி நிற்கும் துளையிடும் மேடை ஒன்றுக்கு இடம் தேர்வு செய்வதாக இருந்தார்கள். அங்கே பழைய கிணறுகளும் குழாய்களும் உள்ளன. தவறான இடத்தில் ஒரு கால் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இடம் தவறினால் நேரக்கூடியதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 1980 நவம்பர் 20ஆம் தேதி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெய்னியர் ஏரியில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, ஏரிக்கு அடியில் இருந்த உப்புச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஏரி முழுவதும் சுரங்கத்துக்குள் வடிந்தது. துளையிடும் மேடையும் படகுகளும் உள்ளே இழுக்கப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்கள் அனைவரும் உயிர் தப்பியது பெரும் பேறு. துளையிட வேண்டிய இடம் தவறாகக் கணக்கிடப்பட்டதே காரணம் என்பது பலரின் கருத்து.

சாம்பல் நிறப் புள்ளிகள்

எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் கிழக்கே நகர்த்தினால் போதும் என்று நினைத்தேன். அதுவும் தவறு. அட்டவணையில் சில எண்களை யாரோ ஏற்கெனவே ஜிபிஎஸ் அடிப்படைக்கு மாற்றியிருந்தார்கள். எவை மாற்றப்பட்டவை என்று எங்கும் குறிப்பு இல்லை. ஆகவே, ஒவ்வொரு கிணற்றுக்கும் மூல அறிக்கையைத் தேடி எடுத்துச் சரிபார்த்தோம். பல வாரங்கள் ஆயின.

சில கிணறுகளுக்கு மூல அறிக்கையே கிடைக்கவில்லை. அவற்றை மறைத்துவிடலாமா, தோராயமாக ஓரிடத்தில் வைக்கலாமா என்று பேச்சு எழுந்தது. இறுதியில் அவற்றைச் சாம்பல் நிறத்தில் காட்டி, 'இடம் உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினோம். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. வரைபடம் அரைகுறையாகத் தெரிகிறது என்றார். அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. காகித வரைபடத்தில் பிழை இருந்தால் அதை விரித்துப் பார்க்கும் சிலர்தான் ஏமாறுவார்கள், இணைய வரைபடத்தை நிறுவனமே பார்க்கிறது என்பது அவர் வாதம்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இணைய வரைபடம் உருவாக்கிப் பழகிய மாணவர்கள் 4326 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஜிபிஎஸ் அடிப்படைக்கான குறியீடு அது. திம்பலாய் 1948க்கு 4298. இந்தக் குறியீட்டு முறையை 1980களில் தொடங்கியவர்கள் ஐரோப்பிய எண்ணெய்த் துறையின் நில அளவையாளர்களே.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். நார்வே அரசு தன் கடற்பகுதிக் கிணறுகளின் விவரங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஈக்குவினோர் நிறுவனம் 'வால்வே' எண்ணெய் வயலின் தரவுகளை 2018இல் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் திறந்துவிட்டது. இவற்றை வைத்து வீட்டிலிருந்தே பழகலாம். நில அளவை, புவித்தகவல் துறைப் பட்டப்படிப்புகள் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் உள்ளன. புவியியல் பாடத்தில் ஆர்வமும் நிரல் எழுதும் பழக்கமும் சேர்ந்திருப்பவர்களுக்கு இத்துறை ஏற்றது.

பழகும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எண்ணைத் தட்டச்சு செய்யும்போதே அது எங்கிருந்து வந்தது, எந்த அடிப்படையில் அளக்கப்பட்டது என்பதையும் அடுத்த கட்டத்தில் எழுதிவிடுங்கள். அந்தக் கட்டம் இல்லாத அட்டவணையை நான் இப்போது வாங்குவதில்லை.

எங்கள் வரைபடத்தில் சாம்பல் புள்ளிகள் இன்னும் உள்ளன. சென்ற மாதம் பழைய பெட்டி ஒன்றில் ஓர் அறிக்கை கிடைத்தது. ஒரு புள்ளி நிறம் மாறியது.