கடலோரப் பொதுவெளி

கோடை முதிர்ந்து ஏரி நீர் வற்றியதும், உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சிறுவர் ஏரியின் உள்வாயையே ஆடுகளமாகக் கொள்வர். அங்கே மேடும் பள்ளமும் உண்டு. வெடித்த களிமண்ணும் மாட்டின் குளம்புத் தடமும் உண்டு. அவற்றை எவரும் நிரவுவதில்லை. பந்து எப்படி எழும்புகிறதோ அப்படியே ஏற்று ஆட்டம் நடைபெறும். அந்நிலம் தனியொருவருக்கு உரியதன்று, ஊருக்கெல்லாம் பொதுவானது. இவ்வாறே இயற்கை அமைத்த பொது நிலம் ஒன்றில் வளர்ந்து, பின்னர் உலகெங்கும் பரவிய ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம். இன்று பலரும் அதனைச் செல்வர்க்கே உரிய ஆட்டமாகக் கருதுகின்றனர். ஆயினும் அது வளர்ந்த இடம், ஆடுகளும் முயல்களும் மேய்ந்த கடலோர மணல்வெளியே ஆகும்.

இவ்வாட்டத்தின் முறை எளியது. சிறு பந்து ஒன்றைக் கோலால் அடித்து, நெடுந்தொலைவில் உள்ள ஒரு குழியில் வீழ்த்துதல் வேண்டும். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாதிருக்கும். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். குழி இருக்குமிடம் தொலைவிலிருந்தே தெரியும்படி அதில் ஒரு கொடி நாட்டப்பட்டிருக்கும். அதனைச் சுற்றியுள்ள புல் ஒட்டக் கத்தரிக்கப்பட்டு, விரித்த பாய்போல் வழவழப்பாக இருக்கும். ஒரு குழி முடிந்ததும் அடுத்த குழியை நோக்கி ஆடிச் செல்வர். இவ்வாறு 18 குழிகளை முடித்தால் ஒரு சுற்று நிறைவுறும். பந்தைத் தொலைவில் செலுத்த ஒரு கோல், உயர எழுப்ப ஒரு கோல், மெல்ல உருட்ட ஒரு கோல் என, ஆடுபவர் 14 கோல்கள்வரை உடன் கொண்டுசெல்லலாம். பிற ஆட்டங்களில் மிகுதியான எண்ணிக்கை பெற்றவரே வெல்வர். இதிலோ மிகக் குறைந்த அடிகளில் சுற்றை முடித்தவரே வெற்றி பெறுவர்.

இனி, இவ்வாட்டத்திற்குரிய நிலம் எவ்வாறு அமைந்தது என்பதைக் காண்போம். ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரையில், அலை அடிக்கும் கரைக்கும் உழவர் பயிரிடும் வயலுக்கும் இடையே நீண்ட மணல்வெளிகள் உள்ளன. அவற்றை அந்நாட்டார் லிங்க்ஸ் என்பர். மேட்டு நிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது. பன்னூறு தலைமுறைகளுக்கு முன் அந்நாட்டை மூடியிருந்த பனிப்பாளம் உருகியபோது, அதன் சுமை நீங்கிய நிலம் சிறிது சிறிதாக உயர்ந்தது; கடல் பின்வாங்கியது. கடல் விட்டுச்சென்ற மணலைக் காற்று அள்ளிச் சென்று மேடுகளாகக் குவித்தது. ஒருவகை நெடும்புல் அம்மேடுகளில் வேரூன்றி மணலைப் பிணித்தது. மேடுகளுக்குப் பின்புறம், மெல்லிய இழை போன்ற குறும்புற்கள் படர்ந்தன. முயலும் ஆடும் அவற்றை மேய்ந்து மேய்ந்து, கத்தரித்தாற்போல் ஆக்கின. குளிர்காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களில் புல் தேய்ந்து மணல் வெளிப்பட்டது. இன்று ஆட்டத்தில் இடையூறாக விளங்கும் மணற்பள்ளங்கள் இவ்வாறே தோன்றின என்று கூறுவர்.

இதனை உணர நம் கடற்கரையையே எண்ணிப் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபின், காஞ்சிபுரம் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. எனினும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் நமக்கு நெடுந்தொலைவில் இல்லை. அக்கரைகளில் இராவணன் மீசை என்னும் முட்புல்லும், ஊதா நிறப் பூப்பூக்கும் அடப்பங்கொடியும் மணலைப் பற்றிப் படர்கின்றன. ஸ்காட்லாந்தின் நெடும்புல் செய்யும் தொழிலையே இவை இங்கே செய்கின்றன. ஆயினும் நம் நாட்டு வெயிலில் அங்குள்ளதைப்போன்ற குறும்புல்வெளி தானே அமைவதில்லை. 1829-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் குழிப்பந்தாட்டக் கழகம் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய இத்தகைய கழகங்களுள் அதுவே மிகப் பழையது. தமிழ்நாட்டில் உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய மலை நகரங்களிலும் ஆடுகளங்கள் ஏற்பட்டன. இவை மனிதர் வகுத்தமைத்த களங்களே. கடலும் காற்றும் அமைத்த களத்தைக் காண ஸ்காட்லாந்திற்கே செல்லல் வேண்டும்.

அந்நாட்டின் கீழைக் கடற்கரையில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய நகரம் உள்ளது. அங்குள்ள பழங்களம் குழிப்பந்தாட்டத்தின் தாயகமாகப் போற்றப்படுகிறது. முற்காலத்தில் அங்கே 11 குழிகளுக்கு ஆடிச் சென்று, அவ்வழியே அக்குழிகளில் ஆடித் திரும்புவர்; எனவே ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆயின. 1764-ஆம் ஆண்டில் முதல் 4 குழிகளை 2 ஆகக் குறைத்தனர். செல்வதில் இரண்டும் திரும்புவதில் இரண்டும் குறையவே, 22 என்பது 18 ஆயிற்று. உலகெங்கும் இன்று 18 குழிகள் வழங்குவதற்கு இதுவே காரணம். அக்களத்தின் 7 புல்தரைகளில் இரண்டிரண்டு குழிகள் உள்ளன. ஒன்று செல்வோர்க்கு உரியது. மற்றொன்று திரும்புவோர்க்கு உரியது. ஒரே புல்தரையில் உள்ள இரு குழிகளின் வரிசை எண்களைக் கூட்டினால் எப்பொழுதும் 18 வரும் என்பது வியப்புக்குரியது.

கடலோரக் களத்தில் ஆடுவோர்க்கு முதற் பகை காற்றாகும். அங்கே காற்றைத் தடுக்கும் சோலைகள் இல்லை. செல்லும்போது முகத்தில் அறைந்த காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும். சில நாள்களில் ஆட்டத்தின் நடுவே திசை மாறி இருவழியிலும் எதிர்த்து நிற்கும். எனவே பந்தை வானளாவ உயர்த்தி அடிப்பவர் அதனைக் காற்றிடம் ஒப்படைத்தவர் ஆவர். அறிவுடைய ஆட்டக்காரர் பந்தைத் தாழ அடிப்பர். மணல் நிலம் மழைநீரை விரைந்து உறிஞ்சிவிடுவதால் தரை இறுகி நிற்கும்; தாழ வந்த பந்து அத்தரையில் வீழ்ந்து நெடுந்தூரம் உருண்டோடும். அது எந்த மேட்டில் ஏறி எந்தச் சரிவில் இறங்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி அடித்தல் வேண்டும். கொடியை நேரே குறிவைத்தவர் தவறுவதும், முப்பதடி விலக்கி அடித்தவர் குழியை நெருங்குவதும் அங்கே இயல்பு. இங்கு வலிமை மட்டும் போதாது. நிலத்தை அறிதலே திறமையாகும்.

நன்றாக அடித்த பந்தும் சில வேளைகளில் ஒரு சிறு மேட்டில் மோதி மணற்பள்ளத்தில் வீழ்வதுண்டு. அப்பொழுது என் செய்வது? பந்து கிடக்கும் நிலையிலேயே அதனை ஆடுதல் வேண்டும் என்பதே இவ்வாட்டத்தின் தலையாய விதி. லீத் நகரில் 1744-ஆம் ஆண்டில் முதன்முதல் எழுதப்பட்ட விதிகள் 13. பின்னர் விதிகள் பல பெருகின. எனினும் இவ்வடிப்படை மாறவில்லை. இதனினும் சிறந்தது மற்றொன்று உண்டு. இவ்வாட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் தொடர்ந்து செல்லும் நடுவர் பெரும்பாலும் இரார். புதர் மறைவில் பந்து சற்றே அசைந்ததை ஆடுபவர் ஒருவரே அறிவார். அவரே தம் தவற்றைக் கூறித் தமக்குத் தண்டனையாக ஓர் அடியைக் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

இதற்குச் சான்றாக விளங்கியவர் அமெரிக்கரான பாபி ஜோன்ஸ். அவர் 1921-ஆம் ஆண்டில், இளைஞராக இருந்தபோது, செயிண்ட் ஆண்ட்ரூஸ் களத்தில் ஆட வந்தார். 11-ஆம் குழியை அடுத்த மணற்பள்ளத்தில் அவருடைய பந்து சிக்கியது. பன்முறை முயன்றும் பயனின்மையால் சினங்கொண்டு, அவர் ஆட்டத்தை இடையிலேயே கைவிட்டார். அச்செயலுக்காக அவர் பின்னர் நாணினார். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெரும்போட்டி நடைபெற்றது. முதற் சுற்றில் அவர் அடிக்க முனைந்தபோது பந்து சிறிது அசைந்தது. வேறெவரும் அதனைக் கண்டிலர். எனினும் அவரே அதனை எடுத்துக்கூறி, வற்புறுத்தி, ஓர் அடியைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார். இறுதியில் இருவர் சமநிலை எய்தினர். வெற்றியாளரைக் காண நடந்த மறு ஆட்டத்தில், ஜோன்ஸ் ஒரே ஓர் அடியால் தோற்றார். முன்பு அந்த ஓர் அடியை மறைத்திருந்தால் மறு ஆட்டமே இன்றிக் கோப்பை அவருக்குக் கிடைத்திருக்கும். கோப்பையினும் வாய்மையே அவருக்குப் பெரிதாயிற்று. 1927-ஆம் ஆண்டில் அதே செயிண்ட் ஆண்ட்ரூஸ் களத்தில் அவர் வெற்றி வாகை சூடினார். 1958-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் அவருக்குத் தம் நகரின் உரிமைக் குடிமகன் என்னும் உயரிய சிறப்பை அளித்தனர்.

ஆடுபவர் நேர்மையைக் காத்தல்போல, ஊரார் நிலத்தைக் காத்த வரலாறும் அறியத்தக்கது. 1457-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அரசு இவ்வாட்டத்தைத் தடை செய்தது. மக்கள் விற்பயிற்சியை மறந்து பந்தாடியதே அதற்குக் காரணம். ஆயினும் ஆட்டம் அழியவில்லை. 1552-ஆம் ஆண்டில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தலைமைக் குரு ஓர் உரிமை ஆவணத்தில், மணல்வெளியில் ஆடும் உரிமை ஊரார்க்கு உண்டு என்பதை உறுதிசெய்தார். பின்னர் 1797-ஆம் ஆண்டில், கடனில் மூழ்கிய ஊர்மன்றம் அப்பொது நிலத்தை விற்றுவிட்டது. சில ஆண்டுகளில் அது முயல் வணிகர் கைக்கு மாறியது. முயல்கள் பெருகி வளை தோண்டின, ஆடுகளம் சீர்குலைந்தது. ஊரார் வாளாவிருக்கவில்லை. வழக்குமன்றத்திலும் வெளியிலும் பல்லாண்டுகள் போராடினர். 1821-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சீப் என்னும் அவ்வூர் நிலக்கிழார் அந்நிலத்தை வாங்கி ஆட்டத்திற்குக் காத்தளித்தார். 1894-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நிலம் மீண்டும் ஊருக்கு உரியதாயிற்று. 1974-ஆம் ஆண்டு முதல் ஓர் அறக்கட்டளை அதனைப் பேணி வருகிறது.

பந்தின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. முன்னாளில் தோலுறைக்குள் இறகுகளை அடைத்துப் பந்து செய்தனர். அதன் விலை மிகுதி. மழையில் நனைந்தால் அது கெட்டுவிடும். 1848-ஆம் ஆண்டையொட்டி, மலாய் நாட்டு மரமொன்றின் பாலை இறுக்கிச் செய்த பந்து வழக்கிற்கு வந்தது. விலை குறைந்த அப்பந்தினால் எளியவரும் ஆட்டத்தில் கலந்துகொள்ளலாயினர். நிலம் பொதுவாக இருந்தமையால், பந்து மலிந்ததும் ஆட்டமும் பொதுவாயிற்று.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்களத்தில் பெரும்பாலும் ஆட்டம் நிகழ்வதில்லை. அன்று அது நகர மக்கள் குழந்தைகளோடு உலாவும் பூங்காவாக விளங்கும். ஏனைய நாள்களில் ஆட விரும்புவோர் மிகப் பலராதலின், ஆடும் வாய்ப்புகளில் ஒரு பங்கைச் சீட்டெடுத்து வழங்குகின்றனர். செல்வரா எளியரா என்பதைச் சீட்டு அறியாதன்றோ!

இதனைக் கேட்கும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நம் நினைவுக்கு வருகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வாறு தேர்ந்தோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் அமர்ந்து ஊர்ப்பொதுவைக் காத்தனர். கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் மீண்டும் அவ்வுரிமை இல்லை. ஏரியாயினும் மணல்வெளியாயினும், பொது நிலம் நிலைத்திருப்பது பொதுமக்களின் விழிப்பினாலேயே என்பதை இவ்விரண்டு ஊர்களும் நமக்கு உணர்த்துகின்றன.

இன்று அம்மணல்வெளிகளுக்குப் புதிய இடர் வந்துள்ளது. கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் மணல் மேடுகளைச் சீர்செய்து, புல் நட்டுக் காத்து வருகின்றனர். நம் கடற்கரையிலும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, உயர்ந்த மணல் மேடுகள் நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. எனவே அடப்பங்கொடி படர்ந்த மேட்டை வெறும் மணற்குவியல் என்று எண்ணி அள்ளிச் செல்லுதல் அறியாமை.

நிலத்தை அது இருக்கும் நிலையிலேயே ஏற்றல், யாரும் காணாதவிடத்தும் கணக்கைப் பிழையின்றிக் கூறல், பொதுவுடைமையைத் தம் உடைமையினும் மேலாகக் காத்தல் ஆகிய மூன்றையும் கடலோரத்து ஆட்டம் கற்பிக்கின்றது. கோலேந்தி ஆடுவோர் சிலரே. ஆயினும் இம்மூன்றும் எல்லோரும் பயிலத்தக்கவை.