நோயாளியின் கட்டிலோரம் உங்களை அழைக்கிறதா?



உங்களுக்கு நல்லதொரு உத்தியோகம் இருக்கிறது. காலை எட்டரைக்குப் போய்ப் பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பும் கந்தோர் வேலை. மின்விசிறிக்குக் கீழே கதிரை, மேசை, கணனி. மாதம் முடிந்தால் சம்பளம். பெருநாளுக்கு லீவு. வேறென்ன வேண்டும் என்று ஊரே கேட்கும்.

ஆனால் பாரிசவாதத்தில் விழுந்த மாமியை எட்டு மாதம் நீங்கள் பார்த்தீர்கள். குளிப்பாட்டினீர்கள், கஞ்சி ஊட்டினீர்கள், இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தீர்கள். அவர் மௌத்தான பிறகு கந்தோருக்குத் திரும்பியபோது, அந்த மேசையில் மனம் ஒட்டவில்லை. "நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கே போனால் என்ன?" என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது. வாய் திறந்து சொன்னபோது உம்மா அழுதார். "மேசையில இருந்த புள்ள, மலசலம் அள்ளப் போறதா?" என்றார் ராத்தா.

இப்படியொரு நிலையில் இருக்கும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறோம். போங்கள் என்றோ, போகாதீர்கள் என்றோ சொல்வதற்கல்ல. கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுப்பதற்காக.

முதலில் அந்த வெட்கத்தைப் பார்ப்போம். அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் ருபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டதை சீரா நூல்களில் காண்கிறோம். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு யுத்தங்களில் கலந்து, சமைத்துக் கொடுத்து, நோயாளிகளைக் கவனித்தவர். ஸஹாபிப் பெண்கள் செய்த பணி நமக்கு எப்படி இழிவாகும்? சொந்த மாமிக்குச் செய்தால் நன்மை, அடுத்த வீட்டு உம்மாவுக்குச் செய்தால் கேவலமா?

தேவையும் பெரிது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நமது நாட்டில் அறுபது வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் அது 12.4 ஆகிவிட்டது. பிள்ளைகளோ வெளிநாட்டில். முதியோரைப் பார்க்கக் கைகள் போதவில்லை.

ஆனாலும் ஆசை ஒன்று, வேலை இன்னொன்று. தாதி உதவியாளர் என்பவர் தாதி அல்லர். அரசாங்கத் தாதியாவதற்கு மூன்று வருடப் பயிற்சி வேண்டும். அதற்குரிய கல்வித் தகைமையும் வயதெல்லையும் உண்டு. உதவியாளரின் வேலை படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, உணவூட்டுவது, மலசலம் எடுப்பது, காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்து வைப்பது, அசைய முடியாதவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுவது. எட்டு மாதம் மாமி ஒருவருக்குச் செய்ததை, முகம் தெரியாத பலருக்கு, ஒரே நாளில் செய்ய வேண்டும். மாமி உங்களுக்கு துஆ செய்தார். இங்கே சிலர் ஏசுவார்கள். சிலர் உங்கள் கண்முன்னே மௌத்தாவார்கள். அடுத்த கட்டிலுக்கு நீங்கள் சிரித்த முகத்தோடு போக வேண்டும்.

இரவு வேலையும் வரும். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவது யார்? கணவர் "சரி" என்று சொன்னால் மட்டும் போதாது; எந்த நாள், எந்த வேலை அவர் பொறுப்பு என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். ஆண் நோயாளர் வார்ட்டில் போடுவார்களா, பர்தாவுக்கு இடமுண்டா, கைகழுவ வசதியாகச் சட்டைக் கையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதையெல்லாம் நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும். வழமையாக அது முடிய ஆறு மாதமாகும். முன்கூட்டியே தொடங்குங்கள்.

இனிப் பணம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம். கணக்கில் எடுக்கும் சம்பளம் 60,000 ரூபா என்றால் ஐந்து வருடத்துக்கு 150,000 ரூபா. நீங்கள் நான்கு வருடமும் எட்டு மாதமும் வேலை செய்திருந்தால், இன்னும் நான்கு மாதம் பொறுத்திருங்கள்! அவசரத்தில் எழுதும் ராஜினாமாக் கடிதம் அவ்வளவையும் இழக்கச் செய்யும்.

புதிய இடத்தில் ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்றும் கேளுங்கள். உங்கள் பங்கு நூற்றுக்கு 8, தொழில் தருநரின் பங்கு நூற்றுக்கு 12. வீடுகளுக்கு ஆள் அனுப்பும் சில இடங்களில் இந்தப் பேச்சே இருக்காது. புதிய சம்பளம் எவ்வளவு என்று அறிந்துகொண்டு, மூன்று மாதம் அந்தத் தொகையில் மட்டும் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். மீதியை எடுத்து வையுங்கள். நடத்த முடிந்தால் பயம் போகும். முடியாவிட்டால் உண்மை தெரியும். இரண்டும் இலாபமே.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். சுவரில் மாட்டும் வெறும் காகிதத்துக்காகச் சேமிப்பைக் கொட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்களை இழுப்பது நோயாளியா, தள்ளுவது கந்தோரா? மேலதிகாரியின் கடுமையும் அலுப்பும்தான் காரணமென்றால் வேறு கந்தோர் தேடுங்கள். வைத்தியசாலையிலும் கடுமையான மேலதிகாரி உண்டு. மாமியின் பிரிவுத் துயரம்தான் காரணமென்றால் கொஞ்சக் காலம் ஆறட்டும். வேலையை விடாமலே, ஊரில் படுக்கையிலிருக்கும் ஒரு மூதாட்டியை வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பராமரித்துப் பாருங்கள். அவர் ஏசிய நாளிலும், நாற்றம் தாங்க முடியாத நாளிலும் திரும்பப் போக மனம் வந்தால், விடை கிடைத்துவிட்டது.

அனுபவமுள்ளவரிடம் மஷூரா செய்யுங்கள். இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள். கனவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். விசாரித்தறிந்து, இறைவனிடம் ஒப்படைத்து, காலடி எடுத்து வையுங்கள். கந்தோரிலேயே இருக்க முடிவெடுத்தாலும் அது தோல்வியல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு நாள் ஒரு கட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

உம்மாவின் கண்ணீரைத் துடையுங்கள். மாமியை நீங்கள் பார்த்த விதத்தை அவரிடம் நினைவூட்டுங்கள். எந்த முடிவானாலும் அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!