ஹட்யாய்க்குக் காரா, விமானமா? டிக்கெட் விலைக்கு முன் கிராண்டைப் பாருங்கள்

பள்ளி விடுமுறைக்கு ஹட்யாய் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் போதும், உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி கைப்பேசியில் விமான டிக்கெட் விலையைத் தேடத் தொடங்கும். மற்றது, "கார்தான் வீட்டில் நிற்குதே, எண்ணெய் ஊற்றினால் போதாதா?" என்று கேட்கும். இரண்டு தரப்பும் பேசுவது பணக் கணக்கு. அந்தக் கணக்கு அவசியம்தான். ஆனால், புக்கிட் காயு ஹீத்தாம் வரை போய்த் திரும்ப நேர்வது பெரும்பாலும் ஒரு தாள் குறைவதால்தான்.

ரவாங் பக்கத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், 68 வயதுப் பாட்டி. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சிங்கப்பூரைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு மைவி இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். மொத்தம் நான்கு நாள் பயணம்.

காரில் போனாலும் விமானத்தில் போனாலும் மாறாத செலவு கடப்பிதழ். ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 100 ரிங்கிட். இந்தக் குடும்பத்தில் 13 வயது மகளுக்கும் பெரியவர் கட்டணம்தான் என்பதால் மொத்தம் 800 ரிங்கிட் ஆகிறது. பயணத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவை விட இது பல மடங்கு. ஏற்கெனவே கடப்பிதழ் இருந்தால், அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே பாட்டிமார் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் தோட்டப்புறங்களில் இன்னமும் சிவப்பு அடையாள அட்டையுடன் இருக்கும் மூத்தோர் உண்டு. சிவப்பு அட்டைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. அவர்களுக்கு வேறு பயண ஆவணம் வேண்டும். தாய்லாந்து விசாவும் தேவைப்படலாம். ஹோட்டலுக்குப் பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் வீட்டில் விடப்படுவது பாட்டிதான். எனவே முதல் வேலையாகக் குடிநுழைவுத் துறையில் விசாரித்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டால்

ரவாங்கிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, ஹட்யாய் போய்ச் சேர ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அங்கே சுற்றுவதையும் சேர்த்துப் போகவர 1,100 கிலோமீட்டர் என்று வைக்கலாம். சிறிய கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்தால் 77 லிட்டர் ஆகும். லிட்டர் 2 ரிங்கிட் என்றால் 154 ரிங்கிட். தாய்லாந்தில் பெட்ரோல் விலை அதிகம். அதனால்தான் பலரும் சங்லூனிலேயே டாங்கியை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டுகிறார்கள். டோல் ஒரு வழிக்கு 40 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைக்கப்படுவதற்கு முன் இது இன்னும் கூடுதலாக இருந்தது. அலோர் ஸ்டார் அருகே ஹுத்தான் கம்போங் சாவடியைத் தாண்டிய பிறகு எல்லை வரை டோல் கிடையாது. எல்லையில் எடுக்கும் தாய்லாந்து காப்புறுதியையும் படிவச் செலவையும் சேர்த்தால் மொத்தம் 300 முதல் 350 ரிங்கிட்டுக்குள் அடங்கும்.

விமான டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறுவது. பையுடன் சேர்த்து, போகவர ஒருவருக்கு 350 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் ஐவருக்கு 1,750. ரவாங்கிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்குப் போகவரச் செலவு உண்டு. ஹட்யாயில் இறங்கிய பிறகு சுற்றிப் பார்க்க வேன் வாடகையும் உண்டு. 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

ஆக, ஐந்து பேர் என்றால் காருக்கும் விமானத்துக்கும் 1,700 ரிங்கிட் வரை வித்தியாசம். இதே பயணத்தைக் கணவனும் மனைவியும் மட்டும் போனால் வித்தியாசம் 600 ரிங்கிட்டை ஒட்டி வந்துவிடும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்த நான்கு நாளில் இரண்டு நாளை நெடுஞ்சாலையில் செலவிட வேண்டுமா என்பது அவரவர் முடிவு. இருவர் மட்டும் என்றால் விமானமே மேல் என்று தோன்றுகிறது.

ஊரும் கணக்கை மாற்றும். சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்தில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், கார்தான். ஜொகூரில் குளுவாங், கூலாய் பக்கம் என்றால் எல்லையைத் தொடவே 700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அதே போல, ஹட்யாயைத் தாண்டிக் கிராபி, புக்கெட் வரை போக நினைப்பவர்களுக்கும் நான்கு நாளில் கார் சரிவராது. கோலாலம்பூரிலிருந்து அந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் இருக்கிறது.

கிராண்ட் யார் பெயரில்?

ரவாங் குடும்பம் காரில் போவது என்று முடிவெடுக்கிறது. அப்போதுதான் கிராண்டை எடுத்துப் பார்க்கிறார்கள். கார் மச்சான் பெயரில் இருக்கிறது. கணவருக்கு வங்கிக் கடன் கிடைக்காததால் மச்சான் பெயரில் எடுத்து, மாதத் தவணையை இவர் கட்டி வருகிறார். நம்மவர்கள் வீட்டில் இது அதிசயமான ஏற்பாடு அல்ல. தம்பி பெயரில், மாமனார் பெயரில், சில சமயம் இறந்துபோன அப்பா பெயரிலேயே கார் ஓடிக்கொண்டிருக்கும்.

"மச்சான்தானே, ஒன்றும் சொல்ல மாட்டார்" என்பது உள்ளூருக்குச் சரி. தாய்லாந்து சுங்கத் துறையைப் பொறுத்தவரை, எல்லை தாண்டும் கார் தற்காலிகமாக இறக்குமதி செய்யப்படும் ஒரு பொருள். அது யாருடையது, கொண்டு வருபவர் யார், எப்போது திரும்பிப் போகும் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். கிராண்டில் உள்ள பெயரும் ஓட்டுபவரின் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் உரிமையாளர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும். கடிதத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. கார் இன்னும் வங்கிக் கடனில் இருந்தால், நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல வங்கியின் கடிதமும் தேவை. அந்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் கடன் வாங்கியவர், அதாவது மச்சான். அவர் வேலை விஷயமாகச் சிங்கப்பூரில் இருந்தால், இந்த ஒரு தாளுக்காகவே இரண்டு வாரம் போய்விடக்கூடும்.

உரிமையாளர் இறந்து, கார் இன்னும் பெயர் மாற்றப்படாமல் இருந்தால் எல்லைப் பக்கம் போகவே வேண்டாம். வாடகைக் காரும் பெரும்பாலும் உதவாது. முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

தாள்கள் சரியாக இருந்தால் சாவடியில் நடப்பது எளிது. வாகனத்துக்கான படிவங்களையும் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியையும் சங்லூன், புக்கிட் காயு ஹீத்தாம் கடைகளிலேயே சிறு கட்டணத்துக்கு முடித்துத் தருவார்கள். மலேசிய ஓட்டுநர் உரிமம் ஆசியான் உடன்பாட்டின்படி அங்கே செல்லும். கைப்பேசியில் காட்டுவதை நம்பாமல் அட்டையாகவே எடுத்துச் செல்லுங்கள். சுங்கத் துறை தரும் தற்காலிக இறக்குமதித் தாளைத் தொலைக்கக் கூடாது. திரும்பும்போது அதைக் கேட்பார்கள், நாள் கடந்திருந்தால் அபராதம் உண்டு. இவை போக, 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிநாட்டவரும், குழந்தை உட்பட, இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளில் நிரப்பலாம். இது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

நவம்பர் மழை

2025 நவம்பர் 21ஆம் தேதி ஹட்யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஊர் மூழ்கியது. விடுமுறைக்குப் போயிருந்த ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். ஆட்களை மீட்டுக் கொண்டுவர முடிந்தது. கீழே நிறுத்தியிருந்த கார்களை அப்படித் தூக்கிவர முடியுமா? 2000 நவம்பரிலும் 2010 நவம்பரிலும் அதே ஊர் அதே மாதத்தில் வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது. தாய்லாந்து வளைகுடாப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்யும் காலமும், நம் வீடுகளில் ஆண்டிறுதிப் பயணம் பேசப்படும் காலமும் ஏறக்குறைய ஒன்று.

இதில் மறைந்திருப்பது காப்புறுதிப் பிரச்சினை. மலேசியக் காப்புறுதி தானாக எல்லை தாண்டாது. மலேசியா, சிங்கப்பூர், புருணை வரைதான் அதன் எல்லை. தாய்லாந்துக்கு என்று நீட்டிப்புச் சேர்க்க வேண்டும். முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது, அதற்கும் தனி இணைப்பு உண்டு. எல்லைக் கடையில் வாங்கும் தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதியோ விபத்தில் காயப்படும் மனிதர்களுக்கானது. அதை வைத்து நசுங்கிய கதவைக்கூடச் சரிசெய்ய முடியாது. பலர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தாய்லாந்து நீட்டிப்பு, வெள்ளப் பாதுகாப்பு இரண்டும் இருக்கிறதா என்று முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கார் தண்ணீரில் போய்விட்டாலும் மச்சான் பெயரில் உள்ள கடன் மாதா மாதம் நின்றுகொண்டுதான் இருக்கும்.

யார் ஓட்டுவது?

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, குளித்து, இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடியற்காலை சாவடி திறக்கும் நேரத்துக்குப் போய் நிற்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சம் என்பது காரணம். ஒரே ஓட்டுநர் உள்ள வீட்டுக்கு இது மோசமான யோசனை. நாள் முழுக்க வேலை செய்தவர் இரவெல்லாம் ஐந்து உயிரோடு ஓட்டக் கூடாது. சனிக்கிழமை காலையில் கிளம்பித் தாப்பா, சுங்கைப் பேராக், குருண் ஓய்விடங்களில் நிறுத்தி நிறுத்திப் போனால் மாலைக்குள் ஹட்யாய் சேரலாம். மூட்டுவலி உள்ள பாட்டிக்கும் அது வசதி. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியும்.

விமானத்தில் பறப்பது ஒன்றரை மணி நேரம் என்றாலும், ரவாங் வீட்டு வாசலிலிருந்து ஹட்யாய் ஹோட்டல் வாசல் வரை கணக்கிட்டால் ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். பாட்டி நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலியைப் பதிந்துவிட வேண்டும். மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக 7 கிலோதான். திரும்பும்போது கிம் யோங் சந்தையில் வாங்கிய முந்திரியும் துணிமணியும் அதில் அடங்காது. பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். கடப்பிதழில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கும் சாய்கோட்டை இணையப் பதிவு பெரும்பாலும் ஏற்காது. கோட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்குமாறு ஐவருக்கும் ஒரே முறையில் பதிய வேண்டும்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து பாடாங் பெசார் வரை இடிஎஸ் ரயில் போகிறது, ஐந்தரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். பாடாங் பெசார் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். அங்கிருந்து ஹட்யாய்க்குத் தாய்லாந்து ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். கிராண்டும் வேண்டாம், வங்கிக் கடிதமும் வேண்டாம், ஓட்டுநருக்குத் தூக்கமும் கெடாது. வண்டியிலேயே கழிப்பறை இருப்பது பாட்டிக்குப் பெரிய நிம்மதி. விடுமுறைக் காலத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுவதுதான் குறை.

மச்சானின் கடிதமும் வங்கிக் கடிதமும் நேரத்தோடு கிடைத்து, பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளிவைக்கவும் முடிந்தால், ரவாங் குடும்பத்துக்குக் கார்தான் பொருத்தம். கடிதம் வராவிட்டால் ரயில். காரில் போகிறவர்கள் கடைசி நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்து நேரம் நம்மை விட ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கிட் காயு ஹீத்தாம் சாவடி வழக்கமாக மலேசிய நேரப்படி காலை 6 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12 மணிக்கு மூடுகிறது. ஹட்யாய் ஹோட்டல் சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி இரவு 11தான்.