ஓடைக்கரைப் புதரும் சோலைக்கிளியும்

பழனி மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, பீன்ஸ் பயிரிடும் விவசாயிகள் பலருக்கு நிலத்தின் ஒரு பக்கம் சோலைக்காடோ ஓடையோ எல்லையாக இருக்கும். அந்தக் கரையிலுள்ள புதரை வெட்டினால் இன்னும் இரண்டு பாத்தி கிடைக்குமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வாறு வெட்டுவதால் வரும் இழப்பை, அப்புதரில் வாழும் ஒரு சிறு பறவையைக் கொண்டு அறியலாம்.

பறவையின் இயல்பு

பெயரில் கிளி என்று இருந்தாலும் சோலைக்கிளி கிளியினம் அன்று. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமார் 15 செ.மீ. நீளம், கருநீல நிறம், நீண்ட கால்கள் உடையது. பழனி, ஆனைமலைப் பகுதியில் இருப்பதற்கு வயிறு வெண்மை. நீலகிரியில் இருப்பதற்கு வயிற்றின் பக்கங்கள் செம்பழுப்பு. இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலமே. ஆயினும் குளிர்ந்த சோலையை விட்டு இப்பறவை சமவெளியில் இறங்காததால், இரண்டும் நெடுங்காலமாகப் பிரிந்து தனித்தனி இனங்களாகிவிட்டன. 2017 ஆம் ஆண்டில் அறிஞர்கள் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து, ‘சோலிகோலா’ என்று பெயரிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகள் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை.

விடியற்காலையிலும் அந்தி மங்கும் வேளையிலும் தரையில் இறங்கி, உதிர்ந்த இலைகளுக்கிடையே உள்ள பூச்சி புழுக்களைத் தின்னும். மரப்பொந்திலோ ஓடைக்கரை மண் இடுக்கிலோ பாசி, வேர் கொண்டு கூடு கட்டும். ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் 2 முட்டைகள்.

விவசாயிக்கு என்ன பயன்?

சோலைக்கிளி நம் வயலுக்கு வந்து புழு பொறுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிழலடர்ந்த இடத்தை விட்டு அது வெளியே வருவது அரிது. அதன் பயன் வேறு வகையானது. இலைமக்கும் ஈரமும் அடிப்புதரும் கெடாத இடத்தில்தான் அது வாழ முடியும். அதே இலைமக்குத்தான் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் ஓடையில் சிறுகச் சிறுக விடுகிறது. புதரை வெட்டினால் மண் காய்ந்து, அடுத்த பெருமழையில் கரை அரிக்கும். பாசன ஓடையும் முன்னதாகவே வற்றும். மஞ்சளாறு, வராக நதி, சண்முகா நதி ஆகியவை இம்மலையில் உற்பத்தியாவதால் கீழேயுள்ள விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

தோட்டத்துக்கு வரும் பறவைகளுக்கும் காட்டுத்துண்டு புகலிடம். பட்டாணிக்குருவி, தையல்சிட்டு போன்றவை அங்கே தங்கி, பயிரில் புழு தேடும். கோஸ்டாரிகா நாட்டின் காபித் தோட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2013 இல் வெளியானது. பறவை நுழையாதபடி வலையால் மூடிய செடிகளோடு ஒப்பிட, பறவைகள் வந்துபோன செடிகளில் பெர்ரி போரர் எனப்படும் காய்த்துளைப்பான் தாக்குதல் ஏறக்குறைய பாதியே இருந்தது. அருகில் காடு இருந்த தோட்டங்களில் பலன் கூடுதல். நம் மலைச்சரிவின் காபி விவசாயிகளும் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஓடையின் இரு கரையிலும் உள்ள புதரை வெட்டாமல் விடவும். முன்பே வெட்டியிருந்தால் மீண்டும் வளர விடவும்.

2. சோலை ஓரத்துச் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம். இலைமக்கை அள்ளி வர வேண்டாம். எருவுக்குத் தோட்டக் கழிவை மக்க வைத்தால் போதும்.

3. கரையில் மரம் நடுவதானால் நாவல் போன்ற சோலை மரங்களை நடவும். சீகை, கற்பூர மரங்களைத் தவிர்க்கவும்.

4. மருந்துத் தெளிப்பானை ஓடையில் கழுவ வேண்டாம். ஓடையை ஒட்டிய வரிசைகளில் மருந்து தெளிப்பதைக் கூடியவரை தவிர்க்கவும்.

5. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெரும்பாலும் கூடு கட்டும் காலம். அப்போது கரை மண்ணைச் செதுக்க வேண்டாம். நாய், பூனைகளைச் சோலைப்பக்கம் விட வேண்டாம்.

6. சிறுவர்கள் கவணால் பறவை அடிப்பதைத் தடுக்கவும். இது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

விடியற்காலையில் ஓடைப்புதரிலிருந்து சோலைக்கிளியின் சீழ்க்கை கேட்கிறதா என்று கவனித்து வாருங்கள். கேட்டால் அங்கே நிழலும் இலைமக்கும் இன்னும் இருக்கின்றன என்று கொள்ளலாம். இரண்டு பாத்தி கிழங்கு ஒரு பருவத்து வருமானமே. ஓடைநீரோ பருவந்தோறும் வேண்டியது.