செம்பும் ஊருணியும்

விடிகாலையில் அரியக்குடியிலிருந்து காரைக்குடி வரை சைக்கிளை விரட்டிவிட்டுத் திரும்பும் பையன் ஒருவன், டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்காருவான். என்றாவது மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத் தளத்தில், பந்தயம் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

"தினமும் 20 ஸ்பிரிண்ட் அடிக்கிறேன் அண்ணே, நடுவுல நிக்கிறதே இல்ல. வேகம் மட்டும் ஏற மாட்டேங்குது."

"அந்த நிக்காததுதான் கோளாறு தம்பி. டீயைக் குடி, சொல்றேன்."

தொடைத் தசையில் உடனடிச் செலவுக்கு இருப்பது ஒரு செம்புத் தண்ணீர்தான். கிரியேட்டின் பாஸ்பேட் என்று அதற்குப் பெயர். உயிரைக் கொடுத்து மிதித்தால் 10 வினாடியில் பெரும்பகுதி காலி. பிராணவாயுவின் துணையோடு நிதானமாகக் கிடைக்கும் சக்தியோ நம்மூர் ஊருணி மாதிரி: தண்ணீர் நிறைய, மொண்டு வரத்தான் நேரமாகும். காலிச் செம்பை அந்த ஊருணியில்தான் நிரப்ப வேண்டும். பாதி நிரம்பவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம். ஏறக்குறைய முழுசும் நிரம்ப 3 முதல் 5 நிமிடம். அதற்குள் மறுபடி பாய்ந்தால், கால் செம்பை வைத்துக்கொண்டு பந்தி பரிமாறுகிற கதைதான். களைப்பைத் தாங்கப் பழகலாம், வேகம் பழகாது.

இந்தச் செம்புக் கணக்கைப் பந்தயத்திலும் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில், ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலக வெலோட்ரோம் சைக்கிள் போட்டியில், அந்தமானின் ஈசோ ஆல்பன், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரும் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றார்கள். 250 மீட்டர் தளத்தில் 3 சுற்று, 45 வினாடிக்குள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் முன்னால் இழுப்பவர் விலகிக்கொள்வார். முதல் ஆளுக்கு ஒரு சுற்றுதான். செம்பை நம்பிக் கிளம்பலாம். மூன்றாம் ஆள் கடைசிச் சுற்றைத் தொடை எரிய எரியத் தனியாக ஓட்ட வேண்டும். அந்த எரிச்சல், சர்க்கரையைத் தசை அவசரமாக உடைப்பதோடு சேர்ந்து வருவது.

பயிற்சியும் இதற்கேற்பப் பிரியும். முதலாவது, நின்ற இடத்திலிருந்து கிளம்பி அரைச் சுற்று. வெலோட்ரோம் சைக்கிளுக்கு ஒரே கியர், பிரேக் கிடையாது. இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, சட்டென்று முன்னால் வீசி மிதிக்க வேண்டும்; முதல் நாலு மிதியில் வண்டி அசையவே முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 8, 10 நிமிட ஓய்வு. இரண்டாவது, தளத்தின் வளைவுச் சரிவின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கீழே பாய்ந்து 200 மீட்டர். மூன்றாவது, 30 வினாடி முழு வேகம், 4 நிமிடம் இளைப்பாறல், இப்படி 4 முதல் 7 தடவை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 2 வாரத்தில் 6 நாள் மட்டும் இந்த மூன்றாவது பயிற்சியைச் செய்தவர்கள், களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்த நேரம் சராசரியாக 26 நிமிடத்திலிருந்து 51 நிமிடமானது. ஸ்பிரிண்ட் அடித்தே ஊருணியையும் ஆழப்படுத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

"எப்ப நிறுத்தணும் அண்ணே?"

"கடிகாரம் சொல்லும். முந்தினதைவிட நேரம் கூடிருச்சுன்னா, அன்னைக்கு அவ்வளவுதான். மறுநாளும் வேண்டாம்."

இன்று காலை 5 ஸ்பிரிண்டோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டான். அஞ்சாவதில் நேரம் கூடிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. எனக்கு அதுதான் நிறைவு.